ஆடிக்காற்றில் ஒரு நேர்ச்சைத் திரி

தம்பியின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. ஓகி புயலின்போது அம்மா, விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளைக்கு நேர்ந்துகொண்டது அது. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கும் அவர் கல்லறையில் வைத்து எடுத்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் அவரைச் சுட்ட இடத்தில் கொளுத்த வேண்டும். அதை நிறைவேற்ற இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை.

2017 நவம்பர் 30-ஐ எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். கோட்டாறில் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். தம்பியும் அப்படிப் போயிருந்தான். மாவட்டம் முழுக்கக் கரண்டு இல்லை, கடையில் மெழுகுதிரிக்குக்கூடத் தட்டுப்பாடு. பிப்ரவரி 2-ஆம் தேதிப் பூசையில் மந்திரித்து வாங்கி மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்த திரியை அம்மா எடுத்துக் கொளுத்தினாள். இடி மின்னலுக்கு மட்டும் ஏற்றுகிற திரி அது. செபமாலை சொல்லச் சொல்ல அது கரைந்து தீர்ந்துபோனது, தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த இருட்டில்தான் அம்மா நேர்ந்துகொண்டாள்.

அப்புறம் லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. அவன் படகு அங்கே கரைசேர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் வரவில்லை. அவள் கணவர் போன படகைப் பற்றி இன்றுவரை எதுவும் தெரியாது. ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அவள் வாசலைத் தாண்டி நன்றித் திரியை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அம்மாவால் முடியவில்லை. 2022 மே 15-இல் ரோமில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்து அழுதாள், அப்போதும் கிளம்பவில்லை.

கடைசியில் அக்காவே வந்து கேட்டாள்: “நேர்ச்சையைப் பாக்கி வைக்கலாமா? கெளம்புங்க, நானும் வாறேன். நீங்க நன்றி சொல்லுங்க. எனக்கு அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

ஆள் உயரத் திரியைக் கடையில் வாங்கினால் வாய்க்கு வந்த விலை. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே நேர்ச்சைக்காரர்கள் என்று தெரிந்திருக்கும், பேரம் பேசினால் பாவம் என்கிற மாதிரி பார்த்தார் கடைக்காரர். அதை பஸ்ஸில் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம். நெரிசலில் யாரோ இடித்ததில் நடுவில் முறிந்து, உள்ளே இருந்த நூலில் தொங்கியது. வெயிலில் வேறு வளைய ஆரம்பித்துவிட்டது. அம்மா ஈரத் துவர்த்தைச் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். புலியூர்க்குறிச்சியில் இறங்கி, அவர் முட்டியால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கோட்டாறு போனோம்.

பட்டம் கொடுத்த பிறகு கல்லறைப் பக்கம் கூட்டம் ஜாஸ்தி. வேன்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் அக்கா முட்டுக்குத்தி, கல்லின் மேல் உள்ளங்கையைப் பரத்தி வைத்தாள். 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் காட்டில் போட்ட உடலின் மிச்சத்தை விசுவாசிகள் பொறுக்கி எடுத்துவந்து அடக்கிய இடம். அக்கா மெதுவாகத்தான் பேசினாள், எனக்குக் கேட்டது. ஞானப்பூ அம்மாள் அவர் மனைவி. “ஒமக்கு எலும்பாவது கெடச்சுது சாமி. ஞானப்பூ அம்மைக்கு இன்ன எடம்னு சொல்ல ஒரு எடம் இருந்துது. எனக்கு?”

நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞானஸ்நானத்தில், ஈஸ்டருக்கு ஏற்றும் பாஸ்கா திரியிலிருந்துதான் பிள்ளைக்குத் திரி ஏற்றிக் கொடுக்கிறோம். சாகும்போதும் அந்தப் பாஸ்கா திரிதான் பெட்டிப் பக்கத்தில் நிற்கும். அக்காவுக்கு அதை ஏற்றிவைக்கப் பெட்டி இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் திரி கொளுத்தும்போது அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். கணவருக்கு இறந்தோர் பூசையும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அவர் செத்துவிட்டார் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

காற்றாடிமலைக்குப் போக ஆட்டோக்காரர் கேட்ட காசைச் சொன்னால் எரிச்சல்தான் வரும், விடுங்கள்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று. அந்தக் காற்றாலைகளை எல்லாம் அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. பாறைக்குப் பக்கத்தில் நாங்கள் திரியை நிறுத்தி, தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தோம். பிடிக்கும், உடனே அணையும். அம்மாவும் அக்காவும் முந்தானையை விரித்து மறைப்புக் கட்டினார்கள், நான் நடுவில் குனிந்தேன். ஒருவழியாகப் பற்றிய சுடர் படுத்துக்கொண்டே எரிந்தது. மெழுகு ஒரே பக்கமாக ஓடி அம்மாவின் மணிக்கட்டில் விழுந்தது, அம்மா கையை எடுக்கவில்லை. கீழ்ப்பாதி நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா என்னிடம் நூலை அறுக்கச் சொன்னாள்.

“முழு ஆள் உயரம்னுதானே நேர்ந்தீங்க?” என்றேன்.

“அறு மக்களே.”

அறுத்தேன். கீழ்ப்பாதியை அக்கா கையில் கொடுத்து, எரிகிற பாதியிலிருந்து பற்றவைத்தாள். “இது ஒன் ஆளுக்கு.” அக்கா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வாங்கி நெஞ்சோடு அணைத்து, சேலையால் மூடிக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள். காற்றில் எவ்வளவு எரிந்ததோ அவ்வளவு எரிந்தது. நேர்ச்சையில் பாதி குறைந்துவிட்டதா என்று யாராவது கேட்கலாம். ஜாதியையும் பதவியையும் விட்டு, எருமைமேல் பின்பக்கமாக உட்காரவைக்கப்பட்டு ஊர் ஊராக அவமானப்பட்டவர், எங்களிடம் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவாரா என்ன?

தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டிவிட்டு இறங்கும்போது அக்கா அம்மாவிடம் சொன்னாள்: “வாற கல்லறைத் திருநாளைக்கு அவருக்கு ஒரு பூசை குடுக்கணும். பேரைச் சொல்லிக் குடுக்கணும்.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாமளே போய்ச் சாமியாருகிட்ட எழுதிக் குடுத்துட்டு வருவோம்” என்றாள்.

தேவசகாயம் பிள்ளையே, தம்பியைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் வந்தோம். அக்காவுக்கு நீர் செய்ததற்கும் சேர்த்து நன்றி. தம்பி இப்போதும் கடலில்தான் இருக்கிறான், பார்த்துக்கொள்ளும்.