வால்வு மாற்றியாச்சு, படுத்தியது சர்க்கரைதான்

அப்பாவுக்கு இதயத்தில் அயோர்ட்டிக் வால்வு மாற்றி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்களைப் பாடாய்ப் படுத்தியது அவருடைய சர்க்கரை.

மறுநாள் காலை ஆபரேஷன் என்றிருந்தபோது, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் வந்து மாத்திரை அட்டைகளைப் புரட்டினார். ஒன்றைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தவர் நிமிர்ந்து, "இதைக் கடைசியா எப்போ போட்டீங்க?" என்றார். மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்ந்த சர்க்கரை மாத்திரை. "காலைலதான் சார்." அவ்வளவுதான், ஆபரேஷன் தள்ளிப்போனது. இந்த டாபாகிளிஃப்ளோசினைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் சர்க்கரை சாதாரணமாகக் காட்டினாலும் ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறி ஆபத்தாகிவிடலாம். எழுதியவர் சர்க்கரை டாக்டர், நிறுத்தச் சொல்ல வேண்டியது ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி. மருந்துச் சீட்டை ஃபைலில் கோத்தவர்கள் யாரும் பிராண்ட் பெயரைத் தாண்டிப் பார்க்கவில்லை. ரூம் வாடகை மட்டும் ஓடியது.

இதற்கிடையில் இன்சூரன்ஸிலிருந்து ஒரு கேள்வி: சர்க்கரை முதன்முதலில் எப்போது தெரியவந்தது, சான்று வேண்டும். அந்தக் காலத்துச் சீட்டுக்கு எங்கே போவது? கடைசியில் எங்கள் குடும்ப டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தது செல்லுபடியானது. முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஐசியுவில் இன்சுலின் டிரிப் போட்டு 180க்குக் கீழேயே வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜில்தான் கோட்டைவிட்டார்கள். இன்சுலினை நிறுத்திப் பழைய மாத்திரையையே கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் 290. வார்டுக்குப் போன் செய்தால், "ஓபி வரும்போது பாத்துக்கலாம் சார்." அதற்குள் நெஞ்சுத் தையலின் கீழ் முனையில் பனியனில் ஒட்டும் அளவுக்கு நீர் கசிந்தது. அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேராக சர்ஜன் முன்னால் போய் நின்றோம். நல்லவேளை, கிருமித் தொற்று மேல்தோலோடு இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அது நெஞ்செலும்புவரை இறங்கும் ஆபத்து அதிகம் என்று அவரே திட்டினார், எங்களை அல்ல, வார்டை. மறுபடி இன்சுலின், ஆன்டிபயாடிக். இப்போது புண் ஆறிவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கே "சாப்பாட்டுக்குப் பின் எவ்வளவு போனால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுச் சமாளிக்காதீர்கள், புது வால்விலேயே கிருமி தொற்றலாம். அப்புறம், ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருந்தால் சர்க்கரையின் மூன்று மாத சராசரி டெஸ்ட் (HbA1c) கொஞ்ச காலம் சரியாகக் காட்டாது. லேப்காரர் பேக்கேஜில் சேர்க்கத்தான் பார்ப்பார். அந்தக் காசுக்கு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கலாம்.