நின்றால் மட்டும் நடுங்கிய வண்டி

கிண்டி சிக்னலில்தான் முதலில் கவனித்தேன். சிவப்பு விழுந்து நின்றதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள், வழக்கமாக 800-இல் அசையாமல் நிற்கும்; அன்றைக்கு, 500-க்கு இறங்குவதும் 900-க்கு எகிறுவதுமாக இருந்தது. பச்சை விழுந்து கிளம்பிவிட்டால் ஒரு குறையும் இல்லை. 2011 மாடல் பெட்ரோல் வண்டி, வயசாகிவிட்டது, ஆடத்தான் செய்யும் என்று இரண்டு வாரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, என்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாடியைக் கழுவி, 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஆட்டம் முன்பைவிட அதிகம். "அப்போ காயில்தான் சார், நாலையும் மாத்திடலாம்" என்றார்கள். பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் தருவது காயில். அந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் பைக் வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பிளக்கு, காயில் போனா ஏத்தத்துல இழுக்கும்போதும் தடுமாறும் சார். நின்னா மட்டும் ஆடுதுன்னா எங்கியோ காத்து குடிக்குது" என்றார்.

அவர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். வண்டி காட்டிய எரர் கோடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். கோடோடு நிறுத்தியிருந்தால் நானும் ஏதாவது ஒரு சென்சாரை மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வழி காட்டியது ஃப்யூயல் ட்ரிம். கலவையைச் சரிக்கட்ட என்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது என்பதற்கான கணக்கு அது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் சும்மா ஓடும்போது, ஷார்ட் (அந்த நொடிக் கணக்கு), லாங் (நாள்பட்ட கணக்கு) இரண்டையும் கூட்டினால் +29 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5.

இந்த வித்தியாசம்தான் விஷயமே. என் வண்டியில் உள்ளே போகும் காற்றை ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அதைத் தாண்டி ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழையும் காற்று கணக்கில் வராது. ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அதிகம், என்ஜின் குடிக்கும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ரேஸ் பண்ணினால் முறையான காற்று வெள்ளமாக வரும், ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. இதுவே தலைகீழாக, ரேஸ் பண்ணும்போது ட்ரிம் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போயிருப்பேன்.

ஞாயிறு காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்துவிட்டு உட்கார்ந்தேன். சட்டென்று தீப்பிடிக்கும் கார்ப் கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கலாம் என்று பலரும் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டேன். ஓட்டையில் தண்ணீர் பட்டால் ஒரு நொடி அடைத்து, சத்தம் மாறும். காயில், கனெக்டர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேனிஃபோல்டு பேக்கிங் ஓரம் முழுக்க அடித்தேன், ஒன்றும் மாறவில்லை. என்ஜின் உறிஞ்சலை வைத்துப் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் பக்கம் வந்ததும் என்ஜின் ஒரு முறை குலுங்கி அடங்கியது. பார்த்தால் கிளிப் நழுவிக் கிடக்கிறது. த்ராட்டிலைக் கழுவும்போது ஹோஸைக் கழற்றியவர்கள் சரியாக மாட்டவில்லை போல. வைத்தியத்துக்குப் போன இடத்தில் வாங்கி வந்த புது வியாதி! பிரேக் மிதித்தால் உஸ் என்று ஒரு சத்தம் கேட்டதற்கும் விடை கிடைத்தது.

கிளிப்பைப் பொருத்தினேன். ட்ரிம் +18-க்கு இறங்கியது. ஆட்டம் குறைந்தது, போகவில்லை. நியாயம்தான், கடைக்குப் போகும் முன்பே ஆடிய வண்டி ஆயிற்றே.

பாட்டிலால் அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் மேலிருந்துதானே விழும். அடியில் பார்க்க என்ன வழி என்று யோசித்தபோது பூஜை அலமாரி ஞாபகம் வந்தது. பெட்ரோல் வாடை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தினேன். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் புகை கலைந்துவிடும். அதற்கு முன் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு ஹோஸாகக் காட்டிக்கொண்டே வந்தேன். புகை சோம்பலாக மேலேறியது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாயின் அடியில் மட்டும் நூல் பிடித்து இழுத்தாற்போல் பக்கவாட்டில் ஓடி மறைந்தது. கையை விட்டுத் தடவினேன். ரப்பர் எண்ணெயில் ஊறிச் சதசதவென்று இருந்தது. விரல் நகம் ஒரு பிளவில் இறங்கியது.

வண்டி உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கி, 260 ரூபாய்க்குப் புதுக் குழாய் வாங்கினேன். மாட்ட பத்து நிமிடம். எரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு நான்கு நாள் ஓட்டிய பிறகு ட்ரிம் +3-இல் நிற்கிறது. முள் 800-ஐ விட்டு நகரவில்லை.

பழைய குழாயைப் பாயிடம் காட்டினேன். சும்மா பிடித்தால் முழுசாகத் தெரிந்தது. வளைத்தால் அடிப்பக்கம் வாயைத் திறந்தது. நாலு தரம் வளைத்து வளைத்துப் பார்த்தவர், "இது இங்கியே இருக்கட்டும் சார், பையனுக்குக் காட்டணும்" என்று டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.