ஒரே ஊரில் ஆறு பங்குகள்: காலுமெட் குறிப்புகள்

அக்டோபர் 12, 2024

ஹோட்டனிலிருந்து காலுமெட்டுக்கு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. மிச்சிகனின் வடகோடியில் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து அந்த ஊர்க் கோவிலை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றுதான் முடிந்தது. புனித பவுல் கோவில். இரட்டைக் கோபுரம், முழுக்கச் சிவப்புக் கல். ஜேக்கப்ஸ்வில் மணற்கல் என்கிறார்கள், இந்தப் பக்கத்திலேயே வெட்டியெடுத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்புக்குள் வெளிறிய வரிகளும் புள்ளிகளும் ஓடுகின்றன. விரலால் தேய்த்தபோது பொடிமணல் கையோடு வந்தது.

என்னை உலுக்கியது வேறொரு செய்தி. செம்புச் சுரங்கம் கொழித்த காலத்தில் காலுமெட்டில் ஆறு கத்தோலிக்கப் பங்குகள், அதாவது தனித்தனிக் கோவிலும் சாமியாரும் கொண்ட ஆறு சபைகள், இருந்திருக்கின்றன. திரு இருதயம், ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் போனது. பிரெஞ்சுக் கனடியர்களுக்குப் புனித அன்னாள், போலந்துக்காரர்களுக்குப் புனித அந்தோணியார், ஸ்லோவேனியர்களுக்குப் புனித சூசையப்பர், இத்தாலியர்களுக்கு மாதா கோவில், குரோஷியர்களுக்குப் புனித அருளப்பர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே விசுவாசம், ஒரே ஆயர் (பிஷப்). பிறகு எதற்கு ஆறு?

அக்டோபர் 19

கதை சுரங்கத்துக்கு முன்பே தொடங்குகிறது. ஃபிரெடெரிக் பராகா, ஸ்லோவேனியாவில் 1797-இல் பிறந்தவர். ஒஜிப்வே பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்ய வந்தவர். அவர்கள் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். வீரமாமுனிவரை அறிந்த நமக்கு இந்த மாதிரி மனிதரைப் புரிந்துகொள்வது எளிது.

அவர் லான்ஸ் விரிகுடாவுக்கு வந்த ஆண்டு 1843. அதற்கு முந்தைய ஆண்டுதான் லா பாயிண்ட் உடன்படிக்கையில் ஒஜிப்வே மக்களிடமிருந்து இந்தச் செம்பு நிலம் முழுவதும் அமெரிக்க அரசின் கைக்குப் போனது. அவர் யாருக்காக வந்தாரோ அவர்கள் நிலத்தை இழந்துகொண்டிருக்க, சுரங்கத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பராகா இரு தரப்பையும் விடவில்லை. 1853-இல் ஆயரான பிறகும் பனிக்காலத்தில் காலில் பனிச்சப்பாத்து கட்டிக்கொண்டு சுரங்கக் குடியிருப்புகளுக்கு நடந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழியிலும் பிரசங்கம் வைத்தார். நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார், அதுவும் பல மொழிகளைக் கலந்து.

இந்த ஊர்க் கத்தோலிக்க வரலாற்றைச் செம்பிலிருந்து ஆரம்பிப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. ஒஜிப்வே மக்கள்தான் முதல் பக்கம்.

அக்டோபர் 27

பராகா 1868 ஜனவரியில் மார்க்கெட் (Marquette) நகரில் இறந்தார். அதே ஆண்டில் காலுமெட்டில் திரு இருதயப் பங்கு உருவானது. முதல் பங்குச்சாமி எட்வர்ட் ஜாக்கர், ஜெர்மானியர். 1877-இல் செயின்ட் இக்னஸில் பழைய மிஷனரி மார்க்கெட் அடிகளின் கல்லறையைக் கண்டறிந்தவரும் இவரே.

இங்கே மண்ணுக்கடியில் பெரும் செம்புப் படுகை இருப்பது 1864-இல்தான் தெரியவந்தது. காலுமெட் அண்ட் ஹெக்லா கம்பெனிதான் பிறகு எல்லாம்: வீடு, பள்ளி, நூலகம், குளியலறை. கோவில்களுக்கு நிலம் கொடுத்ததும் கம்பெனியே. கோவிலுக்குப் போகிற ஆள் ஒழுங்காக வேலைக்கு வருவான் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து இந்தக் கோவில்களை அளக்க எனக்கு மனம் வரவில்லை. நிலம் கம்பெனி கொடுத்ததாக இருக்கலாம். ஆறு கோவில் வேண்டும் என்று கேட்டது தொழிலாளிகள்.

நவம்பர் 3

ஏன் ஆறு என்பதற்கு விடை பிடிபட்டது போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் பூசை எல்லா இடத்திலும் லத்தீனில்தான். போலந்துக்காரரும் இத்தாலியரும் ஒரே பீடத்தின் முன் முழங்காலிட்டால் கேட்கப்போவது ஒரே வார்த்தைகள். பூசைக்காக மட்டும் என்றால் தனிக் கோவில் தேவையே இல்லை. தேவைப்பட்டது பிரசங்கத்துக்கும், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்கும்.

இங்கே நான் ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். வார்த்தை எல்லாம் கிடைக்கிறது, ஆனால் அலுவலகத்தில் அறிக்கை கொடுப்பது போலவே இருந்தது. அம்மாவிடம் சொன்ன பொய்யை, அண்ணனோடு பேசாமல் இருப்பதை, எந்த மொழியில் செய்தேனோ அதில் சொன்னால்தான் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. எனக்கே இப்படி. அன்றைய டிராமர் என்ன செய்திருப்பார்? சுரங்கத்தில் பாறை ஏற்றிய வண்டியைக் கையால் தள்ளுகிற வேலை அது. புதிதாக வந்த ஸ்லோவேனியர், குரோஷியர், இத்தாலியர், ஃபின்லாந்துக்காரர் தலையில்தான் விழும். கேப்டன்களாக, அதாவது சுரங்க மேற்பார்வையாளர்களாக, இருந்தவர்களில் பலர் கார்ன்வாலிலிருந்து வந்த மெதடிஸ்டுகள். மேலிருந்து கல் விழுந்தால் முடிந்தது. சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலுக்குக்கூட நேரம் இருக்காது. ஆங்கிலம் தெரியாத அந்த மனிதருக்குத் தன் பாவத்தைக் கேட்டுப் புரிந்துகொள்கிற சாமியார் ஒருவர் ஊரில் இருப்பது அவசரத் தேவை. கல்லைச் சுமந்து கோவில் கட்ட அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

நவம்பர் 10

பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வெளியே போகவில்லை.

நவம்பர் 17

ஸ்லோவேனியர்களின் வரிசை இது: 1882-இல் புனித சூசையப்பர் பெயரில் ஒரு சங்கம், 1889-இல் பங்கு. சங்கம் முதலில், கோவில் அப்புறம்! நோய், விபத்து, சாவு என்றால் குடும்பத்துக்குக் கைகொடுக்கிற சங்கம். முதலில் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் வழி செய்துவிட்டுப் பிறகு பீடம் கட்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது. அப்போதைய ஆயர் ஜான் வெர்டினும் ஸ்லோவேனியரே. பராகா, மிராக், வெர்டின் என்று இந்த மறைமாவட்டத்தின் முதல் மூன்று ஆயர்களும் அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள்.

அவர்களுடைய மரக்கோவில் 1902-இல் எரிந்துபோனது. மறு ஆண்டே கல்லில் தொடங்கி 1908-இல் முடித்தார்கள். நான் அன்று தொட்டுப் பார்த்த சிவப்புக் கல் அதுதான்.

டிசம்பர் 8

லேக் வியூ கல்லறைத் தோட்டம். ஒரே வரிசையில் மூன்று நான்கு மொழிகளில் கல்லறைக் கற்கள்.

1913 ஜூலையில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிசம்பர் 24 அன்று இத்தாலியன் ஹாலில் வேலைநிறுத்தக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா. யாரோ "தீ!" என்று கத்த, இல்லாத தீக்குப் பயந்து படிக்கட்டில் நெரிபட்டு 73 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். டிசம்பர் 28-இல் ஊரே நடந்துவந்து அவர்களை இங்கே அடக்கம் செய்தது. கத்தோலிக்கருக்கு ஒரு நீளக் குழி, புரோட்டஸ்டன்ட்டுகளுக்கு வேறு. ஒரே படிக்கட்டில் ஒன்றாகச் செத்த பிள்ளைகளை அப்படிப் பிரித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது என்று தெரிந்தும்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 15

1966-இல் பங்குகளை இணைத்தபோது சூசையப்பர் கோவிலே புனித பவுல் கோவில் ஆனது. புனித அன்னாள் கோவில் இன்று பாரம்பரிய மையம். செம்பு குறைந்தது, ஆள் குறைந்தார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழியாகிவிட்டது. தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த தலைமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகு ஆறு கோவிலுக்கு வேலை இல்லை. இணைத்தது சரியே. ஆனால் பூசைக்குப் பிறகு காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, தன் அம்மா கடைசிவரை "சூசையப்பர் கோவில்" என்றுதான் சொல்லுவார் என்றார். அவர் குடும்பம் அந்தக் கல்லுக்குக் காசு கொடுத்த குடும்பங்களில் ஒன்று.