தார்சாவில் ஓடிய இரண்டு புளியமுத்துகள்

ரயில்வே தேர்வுக்குப் பாளையங்கோட்டையில் பயிற்சி எடுத்த நாட்களில், வட்டப் பாதைக் கணக்கு வந்தாலே அதைத் தாண்டிச் சென்றுவிடுவேன். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதே நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை.

ஒரு மாதிரித் தேர்வில் துணிந்து எழுதினேன். 400 மீட்டர் வட்டப் பாதையில், ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில், வினாடிக்கு 5 மீட்டர், 3 மீட்டர் வேகங்களில் இருவர் ஓடத் தொடங்கினால் முதன்முறை எப்போது சந்திப்பார்கள் என்பது வினா. ஒரு சுற்றுக்கு முதலாமவருக்கு 80 வினாடியும் மற்றவருக்கு 400/3 வினாடியும் ஆகும் என்று கண்டு, மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) எடுத்து, 400 வினாடி என்று குறித்தேன். விடை 200 என்றார்கள். பயிற்சி மையத்தில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள்.

அன்று மாலை வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, 50 மீட்டருக்கு ஒன்றாக எட்டுப் புள்ளிகள் வைத்து, இரண்டு புளியமுத்துகளை, அதாவது புளியங்கொட்டைகளை, தொடக்கப் புள்ளியில் வைத்தேன். 50 வினாடிக்கு ஒரு முறை, ஒன்றை ஐந்து புள்ளியும் மற்றதை மூன்று புள்ளியும் நகர்த்த வேண்டும். "ஏட்டி, படிக்கச் சொன்னா புளியமுத்து வெளாடுதியா?" என்று கேட்டுவிட்டு ஆச்சி உள்ளே போய்விட்டார்.

நான்காவது நகர்வில் இரண்டும் ஒரே புள்ளியில் நின்றன. ஆனால் அது தொடக்கப் புள்ளி அன்று, அதற்கு நேர் எதிர்ப்புள்ளி. முன்னது இரண்டரைச் சுற்றும் பின்னது ஒன்றரைச் சுற்றும் முடித்திருந்தன. வேகமானவர் மற்றவரை மீண்டும் எட்டிப்பிடிக்க ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடியாக வேண்டும். அந்த 400 மீட்டரை வேக வித்தியாசமான 2 ஆல் வகுத்தால் 200 வருகிறது. நான் கண்ட 400 வினாடியும் பிழையான எண் அன்று. இருவரும் தொடக்கக் கோட்டிலேயே மீண்டும் சேரும் நேரம் அது. கேட்காத வினாவுக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறேன்!

எதிர்த்திசையில் நகர்த்தியபோது முதல் நகர்விலேயே இரண்டும் சேர்ந்தன. அங்கே இருவரும் சேர்ந்து ஒரு சுற்றை முடித்தால் போதும் என்பதால் வேகங்களைக் கூட்டி, 400 ஐ 8 ஆல் வகுக்கிறோம், 50 வினாடி. தொடர்ந்து நகர்த்தினால் எட்டுப் புள்ளிகளிலும் ஒவ்வொரு முறை சந்தித்து, எட்டாவது சந்திப்பு தொடக்கப் புள்ளியில் அதே 400 ஆவது வினாடியில் நிகழ்கிறது. (வெளித்தடத்தில் ஓடுபவருக்குச் சுற்று நீளும் என்பதை வினா தயாரிப்பவர்கள் கண்டுகொள்வதில்லை, நாமும் கண்டுகொள்ளக் கூடாது.)

அதன்பிறகு "எங்கேனும்" சந்திப்பா, "தொடக்கப் புள்ளியில்" சந்திப்பா என்பதை வினாவில் அடிக்கோடிட்ட பின்பே பேனாவை நகர்த்தினேன். வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று இருந்தால், வினாடிக்கு மீட்டராக மாற்ற 5/18 ஆல் பெருக்கிக்கொள்வது பழகிய வேலைதான். தடுமாற வைத்தது, அதே வேகங்களில், மெதுவானவர் 100 மீட்டர் முன்னால் நின்று ஒரே திசையில் தொடங்கும் வகை. அதற்கும் முத்துகளையே நாடினேன்: முதல் சந்திப்புக்கு அந்த 100 மீட்டர் இடைவெளி மட்டுமே கணக்கு, ஆகவே 50 வினாடி, அடுத்ததற்கு மறுபடியும் முழுச் சுற்று, ஆகவே 250 ஆவது வினாடி.