இந்த வீதி யாருடையது?

யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சிச் செய்திகளைச் சேகரிக்க வரும் இளைய செய்தியாளர்களிடம் நான் முதலில் சொல்வது, எந்த முறைப்பாட்டையும் எழுதுமுன் அது எந்தச் சபையின் பொறுப்பு என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே. பல்கலைக்கழகம் மாநகர எல்லைக்குள் இருப்பதாக வெளியூரவர் பலர் எண்ணுகின்றனர். 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம் அமைந்துள்ள திருநெல்வேலி, நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலோ மாநகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே கம்பஸைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் மழைநீர் தேங்கினால், கேள்வியை மாநகர முதல்வரிடமன்றிப் பிரதேச சபையின் தலைவரான தவிசாளரிடமே கேட்க வேண்டும். வீதிகளுக்கு வேறொரு பிரிப்பும் உண்டு: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், எஞ்சியவை உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. ஒரே வாய்க்கால் இம்மூவரின் பொறுப்பிலும் மாறிமாறி ஓடக்கூடும். அதைப் பிரித்துக் காட்டாத செய்தி, ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவதற்கே உதவுகிறது.

சபை அமர்வுகளில் வாக்குவாதமே எளிதில் தலைப்பாகிவிடும். வரவுசெலவுத் திட்டமான பாதீடு இரு தடவை தோற்றால் சபையின் தலைவர் பதவியிழப்பார் என்ற சட்ட ஏற்பாட்டின்படி, 2020 டிசம்பரில் மாநகர முதல்வர் பதவியிழந்தார். அது பெரிய செய்திதான். ஆயினும், வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் சோலைவரியாகச் சேரும் பணத்தில் வடிகாலுக்கு எவ்வளவு, கழிவகற்றலுக்கு எவ்வளவு என்பதை வாசகருக்கு விளக்கும் எழுத்தே இவ்வூருக்கு அதிகம் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்களே இருக்கவில்லை. மாநகர சபையை ஆணையாளரும் பிரதேச சபைகளைச் செயலாளர்களும் நடத்தினர். கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லாதபோது செய்தியாளருக்குப் பெருந்துணையாக இருந்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்குமாறு அது தகவல் அலுவலரைக் கட்டாயப்படுத்துகிறது. "வீதி விபரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். வீதியின் பெயர், வேலையின் பெயர், நிதியாண்டு, ஒப்பந்தத் தொகை எனத் துல்லியமாகக் கேட்க வேண்டும்.

திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களில் வெளிமாவட்டத்தவரின் பெயர்கள் பெரும்பாலும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே உள்ளன. அவர்கள் தங்கும் வீட்டுக்கான வரியும் உரிமையாளரின் பெயரிலேயே கட்டப்படுகிறது. இதனால் இருண்ட ஒழுங்கையைப் பற்றியோ அள்ளப்படாத குப்பையைப் பற்றியோ அவர்களுக்காகப் பேச வட்டார உறுப்பினருக்கு அவசரம் ஏற்படுவதில்லை. சபைக்குப் போகுமுன் இராமநாதன் வீதியிலும் ஆடியபாதம் வீதியிலும் அவர்களைச் சந்தித்துக் குறைகளைக் கேட்டெழுதி, அவற்றையே தவிசாளரிடம் கேள்விகளாக வைப்பதை இப்போது என் வழக்கமாக்கியிருக்கிறேன்.