பெர்த்தா பென்ஸ் போன வழியில், மிதிவண்டியில்

ஜெர்மனியின் மான்ஹைமில் வாடகைக்கு எடுத்த மிதிவண்டி முதல் நாளே மூன்று முறை சங்கிலியைக் கழற்றிப் போட்டது. மூன்றாவது முறை, சாலையோரப் புல்லில் உட்கார்ந்து கிரீஸ் அப்பிய விரல்களால் அதைப் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே வழிகாட்டிப் பலகை: பெர்த்தா பென்ஸ் நினைவு வழித்தடம். எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. 1888 ஆகஸ்டில் இதே வழியில் போன அந்த அம்மாளுக்கும் சங்கிலிதான் தொல்லை கொடுத்தது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் எண் 37435. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் வாங்க ஆளில்லை. ஒருநாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், பதினைந்து வயது ஆய்கனையும் பதின்மூன்று வயது ரிச்சார்டையும் ஏற்றிக்கொண்டு பெர்த்தா புறப்பட்டார். ப்ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்பது காரணம். தூரம் 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். அதுவரை அந்த வண்டி ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் மட்டுமே ஓடியிருந்தது.

மிதிவண்டியில் ஏன் போனாய் என்று கேட்பார்கள். பென்ஸின் முதல் வண்டி அதிகபட்சமாக மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஓடியது. அவசரமில்லாமல் மிதித்தால் என் வேகமும் அதுதான். காரில் போயிருந்தால் மேடு எது, பள்ளம் எது என்றே தெரிந்திருக்காது. தவிர, 1817-இல் கார்ல் டிரைஸ் என்பவர் மிதியே இல்லாத, காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியை முதன்முதலில் ஓட்டிக் காட்டியதும் இதே மான்ஹைமில்தான். இந்த ஊரில் மிதிவண்டிக்குக் காரைவிட மூத்த உரிமை உண்டு.

மான்ஹைமின் மையப் பகுதியில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. சதுரங்கப் பலகையைப் போல் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பென்ஸின் பட்டறை இருந்த இடம் டி6. பெர்த்தாவின் சீதனம் கரைந்த இடம் என்றும் சொல்லலாம். 1872-இல் நடந்த திருமணத்துக்கு முன்பே அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி, கார்லின் கூட்டாளியின் பங்கை வாங்குவதற்குக் கொடுத்தவர் அவர். 1879-இன் கடைசி இரவில் அவர்களுடைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் முதன்முறையாக நிற்காமல் ஓடியபோதும் பக்கத்தில் நின்றவர். அதனால் 1888 பயணத்தைத் 'துணிச்சல்கார மனைவியின் உல்லாசப் பயணம்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தன் முதலீடு ஓடுகிறதா என்று சோதிக்கப் போன பங்குதாரர் அவர்.

நெக்கர் ஆற்றை ஒட்டி மிதித்தால் லாடன்பர்க். கார்ல் பென்ஸ் முதுமையில் குடியேறிய ஊர். மகன்களோடு அவர் நடத்திய பழைய தொழிற்சாலைக் கட்டடம் இப்போது கார் அருங்காட்சியகம். அங்கே காப்புரிமை வண்டியின் மறுபிரதி ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். (மூல வண்டி மியூனிக்கில், ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வண்டி எலும்புக்கூடு போல இருக்கிறது. ஒரே சிலிண்டர், முதல் வண்டியில் அதன் சக்தி முக்கால் குதிரைத்திறன். எஞ்சினுக்கு மூடி கிடையாது. கிராங்க் சுற்றுவதும் அதோடு சேர்ந்து தண்டு போய்வருவதும் கண்ணெதிரே தெரியும். அடியில் ஒரு பெரிய சுழல்சக்கரம் தட்டைப்போல் படுத்துக் கிடக்கிறது. செங்குத்தாக வைத்தால் அதன் சுழற்சி வண்டியைத் திருப்பவிடாது என்று பென்ஸ் பயந்தாராம். அதைக் கையால் பிடித்துச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

ஓட்டும் விதமும் விசித்திரம். இடப்பக்க நெம்புகோலைத் தள்ளினால், சும்மா சுழலும் கப்பியிலிருந்து தோல்பட்டை வேலை செய்யும் கப்பிக்கு நகரும். அங்கிருந்து இரண்டு சங்கிலிகள் பின்சக்கரங்களுக்குப் போகும். முன்னால் ஒரே சக்கரம். முன்சக்கரம் இரண்டாக இருந்தால் அவற்றை ஒழுங்காகத் திருப்பும் வழி அப்போது பென்ஸுக்குப் பிடிபடவில்லை. 1893-இல்தான் அதைத் தீர்த்து நாலு சக்கரத்துக்கு வந்தார். தண்ணீர்தான் எஞ்சினைக் குளிர்விக்கும், ஆனால் அது கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியில் கண்ட கிணறு, ஓடை எல்லாவற்றிலும் பையன்கள் தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

அதே ஊரில் பென்ஸின் வீட்டுத் தோட்டத்தில், 1910-இல் கட்டிய குட்டிக் கோட்டைக் கோபுரம் போன்ற ஒன்று நிற்கிறது. அது அவருடைய கார் கொட்டகை. காரைப் பூட்டி வைக்க இத்தனை ராஜகம்பீரம்!

ஹைடல்பெர்க்கை வேகமாகக் கடந்துவிட்டேன். அழகான ஊர்தான், ஆனால் அதைப் பற்றி எழுதாதவர் யார்? மாலையில் வீஸ்லோக் வந்து சேர்ந்தேன். எரிபொருள் தீர்ந்துபோய் பெர்த்தா நின்ற ஊர். வண்டியில் தங்கும் எரிபொருள் நாலரை லிட்டர்தான். அது ஓடியது லிக்ரோயின் என்ற பெட்ரோலிய வடிதிரவத்தில். துணிக்கறை போக்க அன்று ஜெர்மானியர்கள் வாங்கிய சரக்கு அது, விற்றது மருந்துக்கடைகள். ஊர் மருந்துக்கடைக்காரரிடம் போய் லிக்ரோயின் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு போனார் பெர்த்தா. உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்று அந்தக் கடையைச் சொல்கிறார்கள். வாசலில் நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஜெர்மன் மொழியில் பெட்ரோலுக்குப் பெயர் பென்சின். பென்ஸின் பெயரால் வந்தது என்று அங்கேயே பலர் நம்புகிறார்கள். இல்லை. 1833-இல் மிட்ஷர்லிக் என்ற வேதியியலாளர், சாம்பிராணிப் பிசினிலிருந்து கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி ஒரு திரவத்தை வடித்து, அதற்கு வைத்த பெயர் அது. பிறகு பெயர் வேறொரு சரக்குக்கு இடம் மாறிவிட்டது. கார்ல் பென்ஸ் பிறந்ததே 1844-இல். ஆக, பெட்ரோலின் பெயருக்குள் சாம்பிராணி வாசம் இருக்கிறதே தவிர, பென்ஸ் இல்லை.

மறுநாள் ப்ரூக்சால். அங்கே ஒரு கொல்லர் பெர்த்தாவின் வண்டிச் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தாராம். அதற்குள் எனக்கு ஒன்று உறைத்திருந்தது. அந்த வண்டியை ப்ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் குதிரை வண்டிக் காலத்து ஆட்கள். மருந்துக்கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர். மெக்கானிக் என்ற தொழிலே பிறக்காத காலத்தில் அவரவர் கைவேலையில் ஒரு துண்டைக் கொடுத்து வண்டியை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வேறொரு வகையில் பார்த்தால், அவர்களில் கொல்லர் தன் பிழைப்புக்கு வரப்போகும் எமனுக்கே பழுது பார்த்துக் கொடுத்தார்.

வில்ஃபர்டிங்கனுக்குப் பிறகு மேடு. இறங்கித் தள்ளினேன். அந்த ஏற்றங்களில் எஞ்சின் திணறியபோது பையன்களும் இறங்கித்தான் தள்ளினார்கள். எரிபொருள் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது பெர்த்தா தொப்பி ஊசியால் குத்தி எடுத்ததையும், மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டையைச் சுற்றியதையும் எல்லோரும் சுவைத்துச் சுவைத்துச் சொல்கிறார்கள். ஊசியும் காலுறையும் பெண் சமாச்சாரம் அல்லவா? திரும்பி வந்ததும் அவர் சொன்ன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: மேடேறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும். சாலையில் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

இருட்டும் நேரத்தில் அவர்கள் ப்ஃபோர்ட்ஸ்ஹைம் சேர்ந்து கார்லுக்குத் தந்தி கொடுத்தார்கள். பெர்த்தா பார்த்த ஊர் இன்று இல்லை. 1945 பிப்ரவரி 23 அன்று நடந்த குண்டுவீச்சில் நகர மையம் தரைமட்டமானது. இப்போது இருப்பவை பெரும்பாலும் போருக்குப் பிந்தைய கட்டடங்கள். அங்கே அதிகம் சுற்றவில்லை. தூங்கினேன்.

திரும்பும் வழி வேறு. பாவுஷ்லாட் என்ற சிற்றூரில்தான் செருப்புத் தைப்பவர் ஒருவர் பிரேக் கட்டைகளில் தோல் வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறார். மரக்கட்டை சக்கரத்தில் உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தது. இன்று உலகிலுள்ள எல்லா பிரேக் பட்டைகளுக்கும் அந்தத் தோல்துண்டு பாட்டி முறை. அதை நினைத்துக்கொண்டே பிரெட்டனை நோக்கிய இறக்கங்களில் நானும் பிரேக்கைப் பிடித்தபடியே போனேன். கிறீச்சென்ற சத்தத்தில் ஒரு நாய் வேலியோடு நெடுந்தூரம் கூடவே ஓடி வந்தது.

ப்ரூக்சாலில் முழங்கால் கைவிட்டது. மிதிவண்டியோடு ரயில் ஏறிவிட்டேன், பெர்த்தா மன்னிப்பாராக. மான்ஹைமில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "நீண்டுவிட்டது, மாற்றியிருக்க வேண்டும்" என்று முனகிவிட்டு, என் கைகளைப் பார்த்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து நீட்டினார்.