சினை ஆடுகள் நிற்கும் வயல்வழியே

இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய வியப்பு, அடுத்தவர் மேய்ச்சல் நிலத்துக்குள் நாம் பாட்டுக்கு நடக்கலாம் என்பதுதான். ஸ்கிப்டனில் பஸ் ஏறி கிராஸிங்டனில் இறங்கினால், பொதுப் பாதை என்று பலகை இருக்கும். கல் சுவரில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஆடுகள்.

இரண்டாவது வருஷம் மணி வந்தான், லாப்ரடார் நாய். மார்ச் மாதம் ஒருநாள், வயல் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து அவிழ்த்துவிட்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் நின்றிருக்கின்றன. அவன் கடிக்கவில்லை, விளையாட்டாகத்தான் துரத்தினான். கூட்டம் மொத்தமும் ஓடிப்போய்ச் சுவரோரம் நெருக்கியடித்து நின்றது. கறுத்த முகம், மூக்கைச் சுற்றி வெள்ளை. ஓர் ஆட்டின் விலா படபடவென்று ஏறி இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பண்ணைக்காரர் வந்தார். கத்தவில்லை. "இன்னும் மூன்று வாரத்தில் ஈன வேண்டியவை" என்றார், அவ்வளவுதான். சிவகங்கைப் பக்கம் ஆட்டுக் கொட்டிலோடு வளர்ந்தவன் நான். சினை ஆட்டை விரட்டினால் குட்டியை வீசிவிடும், கரு கலைந்துபோகும் என்று அப்பத்தா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1953ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆட்டைத் துரத்தினாலே குற்றம், கடித்திருக்க வேண்டியதில்லை. வேறு வழியில்லாத நிலையில் பண்ணைக்காரர் நாயைச் சுட்டால்கூட அவர் பக்கம் சட்டம் நிற்க இடமுண்டு. மக்கள் நடக்கத் திறந்துவிட்ட மலைவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். கால்நடை அருகில் என்றால் வருஷம் முழுக்க.

மாடு என்றால் கதை வேறு. கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கவே கூடாது, சுற்றிப் போக வேண்டும். மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். அதற்குக் கோபம் நாய் மேல்தான்; நாய் ஓடித் தப்பித்துவிடும், பிடித்துக்கொண்டு நிற்கும் நாம்தான் மிதிபடுவோம்.

நாயின் கழிவையும் பையில் எடுத்து வந்துவிடுகிறேன். அதிலிருந்து புல்லுக்குப் பரவும் ஒரு நுண்ணுயிரியால் பசு கன்றை வீசிவிடக்கூடும்.

ஏப்ரல் கடைசியில், மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதே வயலுக்குப் போனேன். தாய்க்கும் குட்டிக்கும் ஒரே எண்ணை நீலச் சாயத்தில் போட்டிருந்தார்கள். 31 என்ற ஆட்டின் பின்னால் இரண்டு குட்டிகள். அன்று சுவரோரம் மூச்சிரைத்து நின்றது இவற்றில் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.